கறி வீட்டில் ஒரு சைவ இலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. புதுமனை புகுவிழா, காதுகுத்து, மறுவீடு என்று வீட்டுக்கு வீடு விருந்து. கறி விருந்து போடும் வீடுகளுக்கும் நாலைந்து சைவக்காரர்கள் வரத்தான் செய்வார்கள். மகனோடு வேலை பார்க்கிறவர், எதிர்வீட்டு வாத்தியார், சம்பந்தி வழியில் ஒரு பெரியம்மா. இவர்கள் இலையில் என்ன விழுகிறது? ரசம், அப்பளம், தயிர், கடையில் வாங்கிய காலிஃபிளவர் பக்கோடா. "உங்களுக்குன்னு தனியா சாம்பார் வச்சிருக்கோம்" என்று ஆசையோடு ஊற்றுவார்கள். அந்தக் கரண்டி இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எந்த வாளியில் கிடந்தது என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது. விருந்து வைக்கிறவர்களுக்கு மனசு இல்லாமல் இப்படி நடக்கவில்லை, முறை தெரியாமல்தான் நடக்கிறது. மதுரை வட்டாரத்தில் கறி விருந்து, சைவ விருந்து இரண்டுக்கும் அடுப்புப் பற்றவைக்கிறவர்கள் நாங்கள். எங்கள் கைக்குப் பழகிய முறையை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

காய் வாங்கப் போகும் முன் விருந்தாளிக்கு ஒரு போன் போடுங்கள். சைவம் என்கிற ஒரு சொல்லுக்குள் பல வகை இருக்கிறது. கேக் சாப்பிடுவார், ஆம்லெட் தொடமாட்டார் என்று ஒருவர். முட்டை கலந்த எதுவுமே ஆகாது என்று இன்னொருவர். அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமைகளில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் உண்டு. ஜெயின் குடும்பத்தார் என்றால் உருளை, கேரட், வெங்காயம், பூண்டு என்று மண்ணுக்கு அடியில் விளையும் எதுவும் கூடாது. அவர்களில் பலர் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடவே மாட்டார்கள். அவர்களுக்கு இரவு விருந்து வைத்தால் சமையல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. பால், தயிர், நெய் மூன்றையும் விட்டவர்கள் இப்போது இளவட்டத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். காளானைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கறி வீட்டுக்காரர்களுக்குச் சைவம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காளான்தான். பரம்பரையாகச் சைவமாக இருக்கும் பெரியவர்களில் நிறையப் பேர் அதைத் தொடமாட்டார்கள்.

இன்னொன்றையும் நயமாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏன் சைவம்? மருத்துவர் சொல்லி விட்டவர் கரண்டி மாறினால் கவலைப்பட மாட்டார். ஜீவகாருண்யத்துக்காகவோ, வழிபாட்டுக்காகவோ, பிறந்த வீட்டுப் பழக்கமாகவோ சைவமாக இருப்பவருக்குக் கரண்டிதான் பெரிய விஷயம். "தனிப் பாத்திரத்துல சமைக்கணுமா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். கேட்டதே அவர்களுக்குப் பாதி நிம்மதி.

இனி பாத்திரம். மீன் குழம்பு வைத்த மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் சைவத்துக்கு எடுக்காதீர்கள். மண் உடம்பெல்லாம் நுண்துளை. எண்ணெயும் கவிச்சியும் அதில் ஊறிப்போய் உட்கார்ந்திருக்கும், சூடு ஏறியதும் வெளியே வரும். அதனால்தான் பழைய சட்டியில் மீன் குழம்பு அவ்வளவு ருசி, அதனாலேயே அது புளிக்குழம்புக்கு ஆகாது. மர அகப்பை, காய் நறுக்கும் மரப்பலகை, அம்மிக்கல்லுக்கும் இதே கதைதான். எவர்சில்வர் நல்லது. புளியும் சீயக்காய்த் தூளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும்.

போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கழுவிய பாத்திரத்தில் ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவையுங்கள். 5 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, எழும் ஆவியை முகர்ந்து பாருங்கள். லேசாகக் கவிச்சி அடித்தாலும் அந்தப் பாத்திரம் இன்றைக்கு வேண்டாம். குக்கரைச் சோதித்தால் பெரும்பாலும் பாத்திரம் தேறிவிடும், ரப்பர் வளையம்தான் மாட்டும். கறி வேகவைத்த வளையம் மூடியில் இருக்கிறவரை அதில் வேகிற பருப்பிலும் அந்த வாடை ஏறும். புது வளையம் ஒன்று வாங்கிச் சைவத்துக்கென்று ஆணியில் மாட்டிவையுங்கள், செலவும் அதிகம் இல்லை. மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் இருக்கும் வாஷரில்தான் பழைய மசாலா தங்கும். ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, பிறகு வெந்நீர் ஊற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. உப்பு ஜாடி. கோழியைக் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டிருக்கும் கை, அப்படியே ஜாடிக்குள் போய் ஒரு பிடி உப்பை அள்ளும். அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் சின்னக் கரண்டியையும் அதே கைதான் பிடிக்கும். எண்ணெய்த் தூக்கின் கைப்பிடி, அடுப்புத் துணி, மசாலா டப்பா மூடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். தனிப் பாத்திரம், தனி அடுப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, உப்பில் தோற்றுப்போவது இப்படித்தான். விருந்தன்று காலையில் அடுப்பு மூட்டும் முன்பே, சைவச் சமையலுக்கு வேண்டிய உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், புளி, எண்ணெய் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்து மூடிவிடுங்கள். 10 நிமிட வேலை. அதன் பிறகு பெரிய டப்பாக்களை யார் எந்தக் கையால் தொட்டாலும் கவலையில்லை.

இதில் ஆசாரம் மட்டும் இல்லை, உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. பச்சைக் கோழியில் இருக்கும் கிருமி கோழி வெந்ததும் செத்துவிடும். அதே பலகையில் நறுக்கிய வெள்ளரிக்காயும் பச்சடி வெங்காயமும் வேகப்போவதில்லையே! குளிர்பெட்டியில் கறியை மூடிபோட்ட டப்பாவில் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீரையில் இறங்கும். பாலும் வெண்ணெயும் பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கொள்ளும். பாயசத்துக்கான பாலை அன்றைக்குப் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது.

எண்ணெயும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். கோழி பொரித்த எண்ணெயை வடிகட்டினால் கசடுதான் போகும். அதில் இறங்கிய கொழுப்பும் வாடையும் போகாது. அப்பளம் என்ன பெரிய சமையல் என்று அதிலேயே பொரித்துவிடுகிறார்கள். சைவ இலையில் கறி வாடை வருவது பெரும்பாலும் அப்பளத்தில்தான். முதலில் அப்பளம், வடை, பிறகு கோழி என்று வரிசையை மாற்றினாலே போதும். மொத்தச் சமையலுக்கும் இந்த வரிசையைப் பிடியுங்கள்: சைவம் முழுவதையும் முடித்து, மூடி, வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு கறியைப் பிரியுங்கள். சைவக் குழம்புகள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆறினால்தான் உப்பும் புளிப்பும் சேரும். ஆகையால் முன்னாலேயே முடிப்பது ருசிக்கும் நல்லது.

கடைச் சாமான்களில் கண் வேண்டும். பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்புக் குறி இருந்தால் அசைவம். முட்டை கலந்த பொருளுக்கும் பழுப்புதான். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அதற்குப் பதில் கடல்பாசி வாங்கிக் காய்ச்சினால் போதும். ஓய்ஸ்டர் சாஸ், மீன் சாஸ் ஊற்றிய ஃப்ரைடு ரைஸில் காய் மட்டுமே இருந்தாலும் அது சைவம் ஆகாது. வெளியில் வாங்கும் பரோட்டா, நான் மாவில் முட்டை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இலங்கைப் பக்கத்து உறவினர்கள் ஆசையாகக் கொண்டுவரும் சீனிச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்த்திருப்பார்கள். வெங்காயத்தோடு வதங்கிக் கரைந்து கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் சுத்தம் பற்றியது. ருசிக்கு வருவோம். கறி சமைக்கிறவர்கள் வைக்கும் சைவக் குழம்பு ஏன் சப்பென்று இருக்கிறது, அல்லது ஏன் பட்டை கிராம்பாக நாறுகிறது? கறிக்குப் போடும் மசாலாவையே காய்க்கும் போடுவதால்தான். கறிக் குழம்பில் நாம் சேர்க்காமலே மூன்று வந்து சேர்கின்றன. கொழுப்பு மேலே மிதந்து காரத்தைத் தணிக்கிறது. எலும்பும் சவ்வும் வெந்து குழம்புக்கு ஒரு கனத்தைத் தருகின்றன. நெடுநேரம் வேகும்போது இறங்கும் சாறு அடி ருசியைத் தருகிறது. பட்டை, கிராம்பு, சோம்பின் மணம் கொழுப்பில் கரைவது. காயில் கொழுப்பு கிடையாது, தண்ணீர்தான் இருக்கிறது. எனவே அதே அளவு மசாலா காயில் துருத்திக்கொண்டு நிற்கும். பட்டை கிராம்பைப் பாதியாகக் குறையுங்கள், சோம்பையும் மல்லியையும் அப்படியே விடுங்கள். கொழுப்புக்கு நல்லெண்ணெயும் தேங்காயும். கனத்துக்குக் கசகசா, முந்திரி, பொட்டுக்கடலை, இல்லையென்றால் வெந்த பருப்பு. அடி ருசிக்குச் சின்ன வெங்காயத்தைத் தோல் கருகச் சுட்டு அரைப்பது, தக்காளியை எண்ணெய் பிரியும்வரை விடாமல் வதக்குவது, காய்ந்த மொச்சை, சுண்டவற்றல். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கறிக் குழம்பையும் சைவமாக மாற்றத் தனிக் குறிப்பு தேவையில்லை.

ஒரு குழம்பை மட்டும் முழுதாகச் சொல்கிறோம். கறிக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் தலை குனியாதது பருப்பு உருண்டைக் குழம்பு. 8 பேருக்குத் துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம். இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் கொட்டி 10 நிமிடம் நீர் வடிய விடுங்கள். காய்ந்த மிளகாய் 5, சோம்பு 1 தேக்கரண்டி, பெருங்காயம், உப்போடு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அரைத்ததைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் நிற்க வேண்டும். அங்கங்கே அரைப் பருப்பு தெரிய வேண்டும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 10, கறிவேப்பிலை, 2 கரண்டி தேங்காய்த் துருவல் கலந்து பெரிய நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 24 உருண்டை வரும். இட்லித் தட்டில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

குழம்புக்கு நல்லெண்ணெய் 100 மில்லி. அளவு அதிகம் என்று பயப்படாதீர்கள், கறியின் கொழுப்பு செய்த வேலையை இதுதான் செய்யப்போகிறது. கடுகு, வெந்தயம், சோம்பு தாளித்து, முழுச் சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், தக்காளி 3 என்று ஒவ்வொன்றாக வதக்கி, குழம்புத்தூள் 3 மேசைக்கரண்டி போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, 40 கிராம் புளியைக் கரைத்த தண்ணீரோடு மொத்தம் ஒன்றேகால் லிட்டர் வரும்படி ஊற்றுங்கள். பச்சை வாடை போகும்வரை கொதிக்கட்டும். அரை மூடித் தேங்காயும் ஒரு தேக்கரண்டி சோம்பும் நைசாக அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் உருண்டைகளைப் போட்டு, தீயைத் தணித்து 8 நிமிடம். இந்தக் கட்டத்தில் கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், போதும்.

எங்கே கெடும்? உருண்டை கரைந்தால் அரைக்கும்போது தண்ணீர் விட்டிருப்பீர்கள், அல்லது பருப்பை இட்லி மாவு போல நைசாக்கியிருப்பீர்கள். உருண்டை கல்லாக இருந்தால் பயந்துபோய் அரிசி மாவு கலந்திருப்பீர்கள். குழம்பு கெட்டியாகிக் களிபோல நின்றால், உருண்டை குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை. இறக்கும்போது குழம்பு ரசத்துக்குக் கொஞ்சம் மேல் என்கிற பதத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது தானாகவே கறிக் குழம்புப் பதத்துக்கு வந்துவிடும்.

கோலா உருண்டை போடும் வீடுகளில் சைவ இலைக்குப் பலாக்காய்க் கோலா வையுங்கள். கறி சூடு பட்டதும் தானே இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். பலாக்காய்க்கு அந்தக் குணம் கிடையாது, அதனால்தான் எண்ணெயில் விட்டதும் பிரிந்து எண்ணெய் முழுவதும் தூளாக மிதக்கிறது. பலாப்பிஞ்சு சுத்தம் செய்த சதை அரைக் கிலோவுக்குப் பொடித்த பொட்டுக்கடலை 75 கிராம் வேண்டும். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு போகாது. மஞ்சள், உப்போடு குக்கரில் 2 விசில். வடித்து வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் உலரவிட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் உருண்டை உடைகிறது. பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று, நார் தெரிகிற பதம். காய்ந்த மிளகாய் 6, சோம்பு ஒன்றரைத் தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, சிறு துண்டு பட்டை, கிராம்பு 2, கால் மூடித் தேங்காய் எல்லாம் வறுத்துப் பொடித்து, வதக்கிய சின்ன வெங்காயம் 100 கிராமோடு கலந்து உருட்டுங்கள். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதிக் கலவையில் இன்னொரு கரண்டி பொட்டுக்கடலை மாவு. தீ குறைவாக இருந்தால் எண்ணெய் குடித்து உடையும், அதிகமாக இருந்தால் வெளியே கருகி உள்ளே ஈரமாக நிற்கும். நடுத்தரச் சூடு.

வறுவலுக்குச் சேனைக்கிழங்கு. நாக்கு அரிப்பதற்கு அதில் இருக்கும் ஊசி போன்ற நுண்படிகங்கள் காரணம். புளித்தண்ணீரில் மஞ்சள் போட்டு முக்கால் பதம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அரிப்பு அடங்கும். விரல் கனத் துண்டங்களாக நறுக்கி, மிளகாய்த்தூள், சோம்புத்தூள், அரிசி மாவு, எலுமிச்சைச் சாறு தடவி 20 நிமிடம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகும்வரை. முட்டை ஊற்றிய கல் வேண்டாம்.

பிரியாணி வீடுகளில் சைவத்துக்கு எப்போதும் பிரியாணி சோற்றை மட்டும் அள்ளி வைக்கிற பழக்கம் உண்டு. கறித்துண்டை ஒதுக்கிவிட்டு வைத்தாலும் அந்தச் சோறு வெந்தது கறித்தண்ணீரில்தான். தயவுசெய்து வேண்டாம். தனியாகப் போடுவதும் பெரிய வேலையில்லை. 1 கிலோ சீரகச் சம்பாவுக்கு 200 மில்லி எண்ணெய், 75 கிராம் நெய், வெங்காயம் 400 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சி பூண்டு விழுது 120 கிராம், தயிர் ஒரு டம்ளர், புதினா மல்லி ஒவ்வொரு கட்டு. காய் எல்லாம் சேர்த்து 700 கிராம்: உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி, டபுள் பீன்ஸ். அரிசி 20 நிமிடம் ஊறியிருந்தால் ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். தயிரையும் அதற்குள் கணக்கு வையுங்கள். கறி பிரியாணிக் கணக்கில் தண்ணீர் வைத்தால் காய் விடும் தண்ணீரும் சேர்ந்து குழைந்துவிடும். தண்ணீரில் ஒரு பங்கை இரண்டாம் தேங்காய்ப்பாலாகவும், டபுள் பீன்ஸ் வெந்த தண்ணீராகவும் மாற்றினால் அடி ருசி வந்துவிடும். மீல்மேக்கர் போடுவதென்றால் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை பிழிந்து, எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டிப் போடுங்கள். பிழியாமல் போட்டால் அதன் வாடை மொத்தப் பிரியாணிக்கும் ஏறும்.

வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கக் கறிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். பட்டாணி அளவு கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்து நுணுக்கிப் போட்டு, மிளகு, சீரகம், தேங்காய் அரைத்து விட்டால் பூண்டைத் தேடமாட்டீர்கள். வெங்காயம் தரும் கனத்துக்குச் சுரைக்காயைத் துருவி வதக்கலாம். ஜெயின் விருந்தாளி என்றால் இஞ்சிக்குப் பதில் சுக்கு. காய்ந்த மஞ்சள் தூளுக்குப் பொதுவாகத் தடையில்லை. காயில் பூசணி, அவரை, கொத்தவரை, வாழைக்காய் என்று எடுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. சைவம் 10 பேர் என்றால் 15 பேருக்குச் சமையுங்கள். பலாக்காய்க் கோலாவைப் பார்த்தால் கறி சாப்பிடுகிறவர்களும் "ஒண்ணு வைங்க" என்பார்கள். பந்தி பாதியில் சைவம் தீர்ந்துபோனால் கடைசியில் உட்காரும் சைவக்காரருக்கு மறுபடியும் ரசமும் அப்பளமும்தான்.

அடுத்தது பரிமாறல். சமையலறையில் காத்த சுத்தம் பந்தியில் ஒரே நொடியில் போய்விடும். வாழையிலை போடுங்கள், தட்டுக் கவலை அதோடு தீர்ந்தது. சைவ வாளி, கரண்டி, தண்ணீர்க் குவளை எல்லாவற்றின் கைப்பிடியிலும் பச்சைத் துணி கட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூடப் பச்சைப் புள்ளி இருக்கிறது; பந்தியில் அந்த வேலையை இந்தத் துணிதான் செய்ய வேண்டும். சைவத்துக்கு ஓர் ஆளை ஒதுக்கி, பந்தி முடியும்வரை அவர் கறி வாளியைத் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். கறி வாளி தூக்கும் பையன் "அண்ணே, ஒரு நிமிஷம் கரண்டி கொடுங்க" என்று கேட்கிற இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. சைவ வரிசை கறி வரிசைக்கு எதிரே வேண்டாம், தள்ளி, காற்று வரும் பக்கமாகப் போடுங்கள். அவர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள். சமைத்தவரே ஒருமுறை இலைப்பக்கம் வந்து எது எது எதில் செய்தது, எந்த எண்ணெய் என்று சொல்லிவிட்டுப் போனால் விருந்தாளி தயங்காமல் கையை நனைப்பார்.

இங்கே மண்டபம் நடத்துகிறவர்களுக்கும் வாடகைப் பாத்திரக் கடைக்காரர்களுக்கும் உங்கள் நாளிதழ் மூலம் ஒரு வேண்டுகோள். அண்டா, சட்டி, ஜல்லிக்கரண்டி, வாளி ஆகியவற்றில் ஒரு செட்டைச் சைவத்துக்கென்றே ஒதுக்கி, கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து வையுங்கள். ஐம்பது பேருக்குச் சமைக்கிற அளவு இருந்தால் போதும். இப்போது எல்லாம் ஒரே குவியலாக வந்து இறங்குகிறது. எது எதற்கு எடுத்தது என்று எங்களுக்கும் தெரிய வழியில்லை. மண்டபக் கொட்டகையில் நாலு அடுப்பு இருந்தால் ஓரமாக உள்ள ஒன்றைத் தடுப்பு வைத்து ஒதுக்கித் தாருங்கள். விருந்து பேசுகிறவர்களும் சமையல்காரரிடம் "சைவம் எத்தனை இலை?" என்ற கணக்கை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு, கறி அடுப்பில் ஏறிய பிறகு சொன்னால், எவ்வளவு நல்ல சமையல்காரராலும் ஒரு சாம்பாருக்கு மேல் முடியாது.

எல்லாம் செய்த பிறகும் சிலர் கறி சமைத்த வீட்டில் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள், வருந்தவும் வேண்டாம். அவர்களுக்காக இளநீரை மொட்டை சீவாமல் வைத்திருந்து அவர்கள் கண்ணெதிரே வெட்டிக் கொடுங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், உரிக்காத ஆரஞ்சு, உடைக்காத தேங்காய், கடையில் வாங்கிப் பிரிக்காத கற்கண்டுப் பொட்டலம். பழத்தை நீங்கள் நறுக்க வேண்டாம். புதுக் கத்தி ஒன்றைத் தண்ணீரில் அலசித் தட்டில் வைத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விருந்துச் சமையல் தொழில் செய்வோர் இருவர்,
மதுரை.